ஜோடி சேராத படகு

கால்வாயில் படகுகளைக் கீழ்மட்டத்துக்கு இறக்க, மேலும் கீழும் கதவு வைத்துக் கட்டிய தொட்டியான லாக்கின் மேல்வாயில் தெர்சாவின் படகு கட்டிக் கிடந்து இது இரண்டாம் நாள். கரைப்பாதையில் குதிரை கயிறு எட்டிய மட்டும் புல்லை மேய்ந்துவிட்டு, வேலிக்கட்டையைக் கடித்துக்கொண்டிருந்தது. படகின் அறைக்குள் அவள் புருஷன் ஏனோக் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தான். மார்பிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பியிருந்தன. தர்ம ஆஸ்பத்திரி கீழே டவுனில் இருந்தது. இந்த லாக்கைத் தாண்டிவிட்டால் அப்புறம் டவுன் வரைக்கும் தடையில்லாத தண்ணீர்தான்.

தாண்டுவது அல்லவா பாடு! மே மாதத்திலிருந்து பொட்டு மழை இல்லை. படகு கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போகிறது. ஒரு படகு இறங்கினாலும் அதே தண்ணீர், இரண்டு படகு ஒட்டி நின்று இறங்கினாலும் அதே தண்ணீர். ஆகவே ஜோடி சேர்ந்து வந்தால்தான் கதவு என்று கால்வாய்க் கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது.

தெர்சா லாக்குக்காரர் பின்போல்டின் காலைத்தான் பிடிக்கவில்லை. மற்றபடி கெஞ்சாத கெஞ்சலில்லை. அவர் புகைக்குழாயைப் பல்லில் கடித்தபடி தரையைப் பார்த்தார்.

"உனக்குத் தொறந்தேன்னா என் வேலயும் போச்சு, நான் குடியிருக்கிற வீடும் போச்சு. ஜோடியோட வாம்மா, உடனே தொறக்குறேன்."

அவள் கீழ்க்கதவைக் காட்டினாள். பலகைகள் உளுத்துப்போய், இடுக்கெல்லாம் தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. "அந்தக் கதவு குடிக்கிற தண்ணி கணக்குல வராதாய்யா?"

மூன்று வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், குளிர்காலத்தில் மாற்றுவார்களாம் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குள் போய்விட்டார்.

அவளும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. ஊருக்குள் ஓடி டாக்டர் வீட்டுக் கதவைத் தட்டினாள். படகுக்காரர்கள் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்று வேலைக்காரி வந்து சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். வண்டி கேட்கப் போன இடத்தில் பண்ணைக்காரன், காய்ச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் நாயின் சங்கிலியைக் கழற்றினான். குதிரைமேல் ஏற்றிப் பார்க்கலாம் என்றால், ஏனோக் மூட்டையாக அவள் மேலேயே சரிந்தான்.

மறுநாள் உச்சிப்பொழுதில் வளைவு தாண்டி ஒரு குதிரைத்தலை தெரிந்தது. தெர்சாவுக்கு உயிர் வந்தது. பின்னால் வந்த படகில் சுக்கான் பிடித்து நின்றது ஹெஸ்டர் என்று கண்டதும், வந்த உயிர் பாதி போயிற்று. போன வருஷம் ஹெஸ்டரின் மகன் இதே புள்ளிக்காய்ச்சலில்தான் செத்தான். அவனுடைய சின்னச் சவப்பெட்டியை ஒரு பக்கம் தூக்கியவன் ஏனோக்.

"எங்கடி உன் வீட்டுக்காரரு? குதிரையத் தனியாக் கட்டிக்கிட்டு நிக்கிற?"

"குதிரை ஒதைச்சிருச்சுக்கா. இடுப்ப அசைக்க முடியல. தூங்குறாரு." பொய் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"இவர மாதிரி சோம்பேறிய ஒதைக்காம, உழைக்கிற மனுசனப் போயி ஒதைச்சிருக்கு பாரு," என்று ஹெஸ்டர் கரையில் குதிரையோடு வந்த தன் புருஷனைப் பார்த்துச் சொன்னாள். அவன் சிரித்தான். தெர்சாவும் சிரித்து வைத்தாள்.

பின்போல்டு சொன்ன சொல் தவறவில்லை. கதவு குடித்தது போகத் தொட்டியில் அடிமட்டத் தண்ணீர்தான் மிச்சம் இருந்தது. மேலிருந்து தண்ணீர் விடும் ஷட்டரைத் தூக்கி அதைத் தளும்ப நிரப்பினார். மேல்கதவு திறந்தது. இரண்டு படகும் தோளோடு தோள் உரசிக்கொண்டு உள்ளே நுழைந்தன. நடுவில் கை நுழையக்கூட இடமில்லை. இன்னும் கொஞ்ச நேரந்தான், ஆண்டவரே, கொஞ்ச நேரந்தான் என்று தெர்சா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே ஏனோக் தண்ணீர், தண்ணீர் என்று முனகினான். ஹெஸ்டரின் கடைக்குட்டி ரோடாவின் காதில் அது விழுந்துவிட்டது. நாலு வயசுப் பிள்ளை, குடுவையிலிருந்து ஒரு குவளை மொண்டு, ஒரே எட்டில் இந்தப் படகுக்குத் தாண்டி, அறையின் கதவைத் தள்ளியது.

"தொடாத! உள்ள போவாத!"

தெர்சா பாய்ந்து பிள்ளையின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குவளை தொட்டிக்குள் விழுந்தது. ஹெஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தாள். திறந்த கதவு வழியாக ஏனோக்கின் மார்பைப் பார்த்தாள். பிள்ளையை வாரி எடுத்துத் தன் பாவாடையால் அதன் கைகளைத் துடைதுடையென்று துடைத்தாள்.

"படகப் பின்னால இழுங்க," என்றாள் புருஷனிடம்.

"அக்கா, புள்ளைங்க கரையில நடக்கட்டும். நீயும் நட. வெறும் படகு பக்கத்துல நின்னாப் போதும்க்கா. உன் மகன் பெட்டியத் தூக்கின மனுசன்க்கா இவரு."

"தூக்குனாரு. இல்லேங்கல." ஹெஸ்டர் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். "அதுக்கு இவளையும் குடுக்கச் சொல்றியா?"

அவர்கள் படகு பின்வாங்கி வளைவுக்கு அப்பால் போய்விட்டது. தெர்சா தொட்டிச் சுவரின் சங்கிலியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "தண்ணிதான் ஏற்கெனவே ரொம்பிருச்சேய்யா! இத மட்டும் விட்டுருங்கய்யா, நான் போயிடுறேன்."

"ஜோடி இல்லியேம்மா," என்றார் பின்போல்டு. அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகச் சங்கிலியிலிருந்து விடுவித்து, படகைக் கயிறு கட்டி வெளியே இழுத்தார். மேல்கதவைச் சாத்தினார். ஷட்டரைத் தூக்கும் பல்சக்கரத்துக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வேறு படகு வரவில்லை. தெர்சா ஈரத்துணியை ஏனோக்கின் நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டாள். வெயில் சாயும்போது அவன் பிதற்றல் அடங்கியது. தூங்கட்டும் என்று முதலில் நினைத்தாள். பிறகு அவன் கையைத் தொட்டுப் பார்த்தாள். வாயருகே காதை வைத்துப் பார்த்தாள். லாக்கின் கீழ்க்கதவில் தண்ணீர் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் கரையேறி லாக்கின் விளிம்புக்குப் போனாள். நிரம்பித் தளும்பிய தொட்டி கதவிடுக்கு வழியாகவே ஒழுகி அடிமட்டத்துக்கு இறங்கியிருந்தது. பாசி படிந்த சுவர் ஈரமாக மின்னியது. அடியில் ரோடாவின் குவளை, ஒரு படகும் இறங்காத தொட்டியின் மிச்சத் தண்ணீரில் மெல்ல நகர்ந்து நகர்ந்து, உளுத்த கதவின் இடுக்கில் போய் முட்டிக்கொண்டிருந்தது.