யார் கேட்டாலும் இவங்கதான் அம்மா

என் அக்கா எல்லையைத் தாண்டிப் போகும்போது ஏழு மாதக் கர்ப்பிணி. திரும்பி வரும்போது வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். இடுப்பைச் சுற்றிக் கைப்பேசிகள், முதுகில் செண்ட் பாட்டில்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தொளதொள சட்டை. இப்படிச் சரக்கு சுமப்பவர்களுக்குக் 'குருவி' என்று பெயர். அக்காவை 'யானைக்குருவி' என்று கேலி செய்வேன். நான் வேன் ஓட்டுகிறவன். இந்தப் பக்கத்துப் பெண்களை அந்தப் பக்கத்துச் சந்தையில் இறக்கிவிட்டு, சாயங்காலம் ஏற்றிக்கொண்டு வருவது என் வேலை. யார் எதைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கமாட்டேன். பார்த்தால் பிழைப்பு நடக்காது.

சந்தைக் கழிவறையில்தான் அக்கா சரக்கை அவிழ்ப்பாள். அங்கே தரை கழுவுகிற பெண் வாளியைக் குறுக்கே வைத்து, "உள்ள கழுவுறேன், அப்புறமா வாங்க" என்று மற்றவர்களை விரட்டிக் காவல் நிற்பாள். அப்படித்தான் பழக்கம். அவளும் எங்கள் பக்கத்துக்காரிதான். புருஷன் செத்த பிறகு, கைக்குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்துத் தாண்டியவள். காகிதம் எதுவும் கிடையாது. ஊருக்குப் போனால் திரும்ப முடியாது. மகளின் மழலையைப் போனில் கேட்டே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நாத்தனார் இனிமே பாத்துக்க முடியாதுன்னுட்டாங்க. பிள்ளைக்கு வேற அஞ்சு வயசு ஆகப்போகுது. அதுக்குள்ள உங்க பிள்ளைன்னு சொல்லி இங்க கூட்டிட்டு வந்துடுங்க."

ஐந்து வயது வரை பிள்ளைக்குத் தனிக் காகிதம் வேண்டாம். தாயின் காகிதத்திலேயே போகலாம். எல்லைச் சாவடி அதிகாரி குனிந்து, "இது யாரு?" என்று கேட்பார். பிள்ளை "அம்மா" என்றால் கேட் திறக்கும். பேந்தப் பேந்த விழித்தால் கதை முடிந்தது. இப்படித்தான் ஒரு பையன், "இந்த ஆன்ட்டி சாக்லேட் வாங்கித் தந்தாங்க" என்று உளறிவிட்டான். அந்த ஆன்ட்டி இன்னும் சிறையில் இருக்கிறாள்.

"சரக்கு வாய் திறக்காது, பிள்ளை திறக்கும். நான் மாட்டேன்" என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். அவளுக்குக் கல்நெஞ்சு என்று சொந்தபந்தமெல்லாம் சொல்லும். ஆனால் அடுத்த வாரமே அந்த நாத்தனார் வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஏன் என்று கேட்டால் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். நான் கேட்கவில்லை.

பிள்ளை சரியான வாயாடி. அதையே கூப்பிடும் பெயராக்கிக்கொண்டோம். தண்ணீர் வேண்டுமா, பால் வேண்டுமா, "அம்மா" என்று கூப்பிட்டால்தான் அக்காவுக்குக் காது கேட்கும். போனையும் நிறுத்தியாயிற்று. போனில் ஒரு அம்மா, வீட்டில் ஒரு அம்மா என்றால் பிள்ளை குழம்பும் என்றாள் அக்கா. பெற்றவளே, "சரிக்கா, நான் பேசல. அவ வந்து சேந்தா போதும்" என்று ஒப்புக்கொண்டாள்.

பிறகு ஒத்திகை. நான் தொப்பி போட்டு அதிகாரியாக நின்றேன். "உன் நெஜ அம்மா வெளியில நிக்கிறாங்க, வா போலாம்" என்றதும் வாயாடி வாசலுக்கு ஓடினாள். எட்டியெட்டித் தெருவைப் பார்த்தாள். அக்கா அடிக்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவளிடம் பேசவில்லை, அவ்வளவுதான். பிள்ளை தேம்பித் தேம்பித் தானாகவே ஓய்ந்தது. எனக்குத் தொப்பியைக் கழற்றி எறியலாம் போல இருந்தது.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். பக்கத்து வீட்டுக்காரியை அழைத்துவந்து, "நான்தாண்டி உன்னப் பெத்தவ" என்று அழ வைத்தாள் அக்கா. வாயாடி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பொய்! எனக்கு இவங்க ஒருத்தங்கதான் அம்மா" என்றாள். கடைசியாக அக்காவே குழைந்து, "பரீட்சை முடிஞ்சுது கண்ணு. இப்ப உண்மையச் சொல்லு, நான் யாரு?" என்று தூண்டில் போட்டாள். பிள்ளை அதிலும் சிக்கவில்லை. அக்கா அவளைத் தூக்கிச் சுற்றினாள்.

சாவடியில் அதிகாரி கேட்டு முடிப்பதற்குள், "அம்மா!" என்றாள் வாயாடி. அவர் சிரித்துவிட்டு, "உரிச்சு வெச்ச மாதிரி இருக்கா" என்று கேட்டைத் திறந்தார்.

கழிவறைக்குப் பின்னால் வேனை நிறுத்தினேன். பெற்றவள் ஈரக்கையோடு ஓடிவந்தாள். புது உடுப்பு போட்டிருந்தாள். அப்படியே மண்டியிட்டு, "கண்ணு, நான்தாண்டா அம்மா" என்றாள். போனில் கேட்ட குரலாக இல்லை அது, அழுகையில் உடைந்துபோயிருந்தது.

வாயாடி அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "பொய்! எனக்கு இவங்க ஒருத்தங்கதான் அம்மா."

"பரீட்சை முடிஞ்சுது கண்ணு. நெஜமாவே இவங்கதான்..." என்று அக்கா ஆரம்பித்தாள்.

பிள்ளை பெருமையாகச் சிரித்தது. "நான் ஏமாற மாட்டேனே!"

பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். இந்தக் கல்லைச் செதுக்கியது யார்? எனக்கு அக்காவின் மீது ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். சாவடியில் கண் சிமிட்டாத பொம்பளை, உதடு துடிக்க நின்றுகொண்டிருந்தாள்.

பெற்றவள் தூக்கப் பார்த்தாள். பிள்ளை வீறிட்டு, "அம்மா, என்ன விட்டுடாத!" என்று கத்தியது. சந்தை ஆட்கள் திரும்பினார்கள். தூரத்தில் நின்ற காவலரும் திரும்பினார். இரண்டு கேள்வி கேட்டால் போதும், காகிதமில்லாதவளைப் பிள்ளையோடு வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

அவள் சட்டென்று கையை எடுத்துவிட்டாள். முகத்தைத் துடைத்தாள். எங்கிருந்து வந்ததோ, சிரித்தாள்.

"நீ ஜெயிச்சுட்ட கண்ணு! சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன். நான் உங்க அம்மாவோட தங்கச்சி. உனக்குச் சித்தி. கொஞ்ச நாள் சித்தி வீட்டுல இருக்கியா? உனக்குன்னு தனிப் போர்வை வாங்கி வெச்சிருக்கேன்."

வாயாடி அழுகையை நிறுத்தினாள். சித்தி என்று ஒருத்தி வருவாள் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுத்திருக்கவில்லை. அக்காவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெஜமாவே சித்தியாம்மா?"

அக்கா பெற்றவளைப் பார்த்தாள். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

"ஆமா கண்ணு, சித்திதான்" என்றாள் அக்கா. "போயிட்டு வா."

காவலர் மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் சாவியைத் திருகாமல் உட்கார்ந்திருந்தேன். சந்தை இரைச்சலில் பிள்ளையும் அவளும் கை கோர்த்துக்கொண்டு ஜன்னலைக் கடந்து போனார்கள்.

"சித்தி, அம்மா எப்ப வருவாங்க?"

"சீக்கிரம் வந்துடுவாங்கடா" என்றாள் பெற்றவள்.