வினிகர் தின்ற கல்

"பத்து வருஷமா வேலை பாக்குற, ஒரு கல்லு மேடையைப் பாத்துக்கத் துப்பில்ல!" அடுப்புக்குப் பக்கத்தில் கிரானைட்டில் ஊறியிருந்த எண்ணெய்க் கறையைக் காட்டி வீட்டுக்காரம்மா கத்தினாள். "நாளையிலேருந்து வராத."

வேலைசெய்யும் அம்மா குனிந்த தலை நிமிரவில்லை. அவளுக்குக் கை சுளுக்கியதால் துணைக்கு வந்திருந்த மகளுக்கோ உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. வேதியியல் படித்தவள் அவள். ஜன்னலோர மூலையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டாள். முத்து முத்தாக நின்றது. அடுப்பருகே விட்டாள், கல் குடித்துக் கருத்தது.

"பாருங்க மேடம், மூலையில காப்புப் பூச்சு அப்படியே இருக்கு. இங்க தினமும் வினிகர் போட்டுத் துடைச்சதுல போயிடுச்சு. அதான் எண்ணெய் இறங்கியிருக்கு. வினிகர் வாங்கிக் குடுத்தது யாரு?"

"கிருமி சாகணும்னு ஏதோ வீடியோவுல..."

"சோப்புத் தண்ணியே போதும்னு எங்கம்மா சொன்னாங்களா இல்லையா?"

"ஏய், வாயை மூடுடி," என்று அம்மா மகளை அதட்டினாள். "மன்னிச்சிடுங்கம்மா, தப்பு என்னோடதுதான்."

செய்யாத தப்புக்கு மன்னிப்பு! மகள் பல்லைக் கடித்தாள்.

வீட்டுக்காரம்மாவுக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது. "சரி, சரி, போகட்டும். நாளைக்கு வா. இந்த வாயாடியை மட்டும் கூட்டிட்டு வராத."

"சரிங்கம்மா." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி பவ்வியமாகக் கேட்டாள்: "நாளைக்கு எதைப் போட்டுத் துடைக்கட்டும்மா? வினிகரா, சோப்பா?"

வீட்டுக்காரம்மா கறையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"சோப்பு," என்று முணுமுணுத்தாள்.

"காதுல விழலம்மா," என்றாள் அம்மா.