காலி வண்டியில் ஒரு தட்டல்

பள்ளிப் பேருந்துகள் நிற்கும் கொட்டகையில் அவருக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்திருந்தார்கள். மாலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்து வண்டியைப் பூட்டுவார். பூட்டியதை இழுத்துப் பார்ப்பார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பார்.

"பூட்டு, ஒருநாள் கதவு கையோட வந்துடப் போகுது!" என்று மற்ற ஓட்டுநர்கள் கத்துவார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

உண்மையில் அவர் பார்த்தது பூட்டை அல்ல. இழுப்பதுபோல் குனிந்து, கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு வெயில் காலத்தில் தொடங்கியது. தேநீர் குடிக்கும்போது யாரோ ஒரு செய்தி சொன்னார்கள். வேறு ஏதோ ஊரில், பள்ளிப் பேருந்தின் கடைசி இருக்கையில் ஒரு குழந்தை தூங்கிவிட்டதாம். கவனிக்காமல் பூட்டிவிட்டுப் போய்விட்டார்களாம். திறந்தபோது எல்லாம் முடிந்திருந்ததாம். எல்லோரும் உச்சுக்கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். இவருக்கு மட்டும் அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அன்று வண்டியைப் பூட்டிவிட்டு நடக்கையில், முதுகுக்குப் பின்னால் கண்ணாடியில் சின்ன விரல் தட்டுவதுபோல் இருந்தது. ஓடிப்போய்த் திறந்தார். வெக்கைதான் முகத்தில் அடித்தது. ஒருவரும் இல்லை.

அதன்பின் அந்தத் தட்டல் அவரை விடவில்லை. பின்வரிசையைப் பார்த்து முடிப்பதற்குள், முன்வரிசையைச் சரியாகப் பார்த்தோமா என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கண் பார்த்ததை மனம் நம்ப மறுத்தது. வீட்டில் கரண்டி தட்டில் பட்டாலும் அதே சத்தம். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு, "டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு, பார்த்துட்டு வந்துடுறேன்" என்று கிளம்பிவிடுவார்.

துணிக்கடையில் அளவெடுத்துத் தைக்கும் மனைவியிடம் இந்த டயர் கதை வெகுநாள் செல்லுபடியாகவில்லை. "அந்த டயரு லிப்ஸ்டிக் எல்லாம் போடுமா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவளுக்குச் சந்தேகம் வலுத்தது.

பள்ளி விடுமுறை நாள் ஒன்றில், வண்டியே ஓடாதபோதும் அவர் டயரைப் பார்க்கக் கிளம்பினார். அவள் பின்னாலேயே போனாள். எவளாக இருந்தாலும் உண்டு இல்லை என்று பண்ணிவிடும் ஆத்திரத்தோடு பேருந்தின் படியேறினாள்.

உள்ளே, நடைபாதையில் அவர் குப்புறப் படுத்திருந்தார். கன்னம் தரையில் பதிந்திருந்தது. இருக்கைகளுக்கு அடியில் கையை நீட்டித் துழாவியபடி, மிக மெல்லிய குரலில் கெஞ்சிக்கொண்டிருந்தார். "வெளிய வாடா கண்ணு... பயப்படாதே, மாமா வந்துட்டேன்..."

 கடைசி இருக்கையில் போய் மெதுவாக உட்கார்ந்தாள்.

"யாரைத் தேடுறீங்க?"

"யாரும் இல்ல. யாரும் இல்லைன்னு எனக்கே தெரியுது. ஆனா தட்டுற மாதிரியே இருக்கு. காதுல கேக்குதா, நெஞ்சுல கேக்குதான்னு புரியல."

"இத்தனை நாளா ஏங்க சொல்லல?"

"சொன்னா பைத்தியம்னு சாவியைப் புடுங்கிடுவாங்க."

"டாக்டர்கிட்ட போலாம் வாங்க."

"எனக்கென்ன கிறுக்கா?"

"போன வருசம் முதுகு புடிச்சுக்கிட்டப்போ போனீங்களே, அப்போ முதுகுக்குக் கிறுக்கா புடிச்சிருந்துச்சு?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. அப்படியே அழுகையாக மாறியது. ஆனாலும் போக மனம் வரவில்லை.

பள்ளி திறந்த அன்று காலை, ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் காட்டும் கண்ணாடியில், தூங்கிச் சாய்ந்த தலை ஏதும் தெரிகிறதா என்று தேடினார். மறுபடி முன்னால் பார்த்தால், சாலையைக் கடக்கும் ஒரு பெரியவர் வண்டிக்கு வெகு அருகில் நின்றிருந்தார். அழுத்திய பிரேக்கில் பிள்ளைகளின் பைகள் முன்னால் வந்து சிதறின. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்று பிள்ளைகளைப் பத்திரமாக இறக்கிவிட்டு, அவரே போய்ச் சாவியை மேலாளர் மேசையில் வைத்தார். "உடம்பு சரியில்லீங்க... உடம்பு இல்ல, மனசு. சரி பண்ணிட்டு வரேன்."

மனநல மருத்துவர் ஒரு பெண். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "திறந்து பார்த்ததும் பயம் அடங்குதா?" என்றார்.

"அடங்கும். நாலு எட்டு நடக்கிற வரைக்கும்."

"நீங்க பார்க்கப் பார்க்கத்தான் அது பெருசாகுது. பயத்துக்கு நீங்களே தீனி போடுறீங்க. இது நோய்ங்க, உங்க குத்தம் இல்ல. இதுக்கு மருந்து இருக்கு, பயிற்சியும் இருக்கு."

பயிற்சிதான் உயிரை எடுத்தது. ஒரே ஒருமுறை முழுதாகப் பார்க்க வேண்டும், பூட்ட வேண்டும், நடக்க வேண்டும். திரும்பக் கூடாது. மேலாளரின் அனுமதியோடு, அவரும் மனைவியும் காலி வண்டியை வைத்துப் பழகினார்கள். முதல் நாள் வாசலுக்கு வருவதற்குள் தட்டல் தொடங்கிவிட்டது. சட்டை தொப்பலாக நனைந்தது.

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டு வந்துடுறேன்மா. உள்ள குழந்தை இல்லைன்னு நீயாவது சொல்லு."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு நாக்குத் துடித்தது. ஆனால் ஆறுதலுக்குக்கூட அப்படிச் சொல்லக்கூடாது, அதுவும் தீனிதான் என்று மருத்துவர் கறாராகச் சொல்லியிருந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். தட்டல் ஏறிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் அது பிஞ்சுக் கை அறைவதுபோல ஆனது. அவர் கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கொட்டகையின் நிழல் நீண்டு அவர் காலைத் தொட்டபோது, சத்தம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்கே அவள் சுவரில் சாய்ந்து அழுதாள்.

மாதங்கள் பிடித்தன. மருத்துவர் சரியென்ற பிறகே வண்டி கைக்கு வந்தது. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கொட்டகையில் கேட்டபோது அவர் மழுப்பவில்லை. "மனசுக்கு வைத்தியம் பார்த்துக்கிட்டு இருந்தேன்" என்றார். ஒருவர் தேநீர்க் கோப்பையோடு நைசாக நகர்ந்து போனார். இன்னொருவர், எல்லோரும் கலைந்த பிறகு, அந்த மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று தரையைப் பார்த்தபடி கேட்டார். வழி சொன்னதோடு நிற்காமல், "தனியாப் போக ஒரு மாதிரி இருந்தா சொல்லுங்க, நானும் கூட வரேன்" என்றார் இவர்.

அந்தத் தட்டல் முற்றிலும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. வெயில் ஏறும் நாட்களில் இன்னும் வரும். வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டு, வேர்வையைத் துடைத்தபடி வீட்டைப் பார்த்து நடக்கிறார்.