மூடியே இருந்த டிபன் பாக்ஸ்

என் இடது சிறுநீரகம் என் கணவருக்குள் இருக்கிறது. அந்த உரிமையில் அவரைக் கொஞ்சம் அதிகமாகவே விரட்டுவேன். நான்கு வருடம் அது ஒழுங்காக வேலை பார்த்தது. பிறகு காசநோய் வந்தது, அதுவும் வழக்கமான மருந்துக்கு மசியாத ரகம்.

காலை எட்டு மணிக்கு வீட்டில் கிட்னி மாத்திரை, என் கிட்னியை அவர் உடம்பு ஒதுக்கிவிடாமல் இருக்க. எட்டேகாலுக்குத் தெருமுனை கிளினிக்கில் காசநோய் மாத்திரைகள், சிஸ்டரின் கண் முன்னால். விழுங்கியதும் நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஐம்பது வயது மனுஷனை இந்தப் பாடு படுத்துகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயரே வைத்துவிட்டேன்.

மூன்றாம் மாதம் ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியது; கிட்னி தடுமாறுகிறது என்று அர்த்தம். "காசநோய் மருந்துதான் கிட்னியைக் கெடுக்குதோ என்னமோ. இன்னும் ஏறினா நிறுத்தணும்," என்றார் டாக்டர். நிறுத்தினால் நுரையீரல் போகும், நிறுத்தாவிட்டால் கிட்னி போகும். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சிஸ்டருக்கு மட்டும் ஏதோ இடித்தது. மறுநாள் மாத்திரை கொடுத்துவிட்டு என் கணவர் பின்னாலேயே போயிருக்கிறாள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். காசநோய் மாத்திரையோடு கிட்னி மாத்திரையும் வெளியே.

போன் வந்ததும் ஓடினேன். "எத்தனை நாளா?"

"ஒரு மாசமா."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ குடுத்த கிட்னி. அதோட மருந்து வாந்தியில போகுதுன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது? நீ கத்தினாக்கூடப் பரவாயில்ல. அழுவே."

முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.

சிஸ்டர் யாரையும் திட்டவில்லை. "முழுங்கறதைத்தான் பார்த்தேன். வயித்துல நிக்குதான்னு பார்க்கல. என் தப்பு," என்றாள். டாக்டரிடம் பேசி காசநோய் மாத்திரையை மதியத்துக்கு மாற்றினாள். அதற்கு முன்னால் வாந்தியை நிறுத்த ஒரு மாத்திரை. விழுங்கிய பிறகு ஒரு மணி நேரம், கிளினிக் வாசல் பெஞ்சில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய சாப்பாட்டு நேரம். வாசனைக்கு இவருக்குக் குமட்டும் என்று மடியிலிருந்த டிபன் பாக்ஸைத் திறக்கவே மாட்டாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பதினைந்து மாதம். இப்படி ஒரு பிறவியை நான் பார்த்ததே இல்லை.

கிரியேட்டினின் இறங்கியது. சளியில் கிருமி இல்லை என்று வந்தது.

கடைசி நாள். கடைசி மாத்திரையை விழுங்கி நாக்கைத் தூக்கிக் காட்டினார். மூன்று பேருக்கும் சமைத்து எடுத்துப் போயிருந்தேன். சந்தோஷத்தில் மூடியைத் திறந்தேன்.

"மூடுங்கக்கா," என்றாள் சிடுமூஞ்சி. "இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

மூடிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.