நாலாவது கேட்சர்

டென்மார்க்கின் இஷொ நகரில் பேஸ்போல் என்றால் டெனிஷ்காரருக்கே கொட்டாவி வரும். அப்படிப்பட்ட விளையாட்டுக்கு நம் தமிழ்ச்சனம் ரோல்ஸும் தேநீர்ப் போத்தலுமாய் ஞாயிறுதோறும் அள்ளுப்பட்டுப் போனதென்றால், அதற்குக் காரணம் அமலராணியின் மூத்த மகன் டெனிஸ்ரன். அடிப்பவனுக்குப் பின்னால் முகமூடியோடு குந்தியிருந்து, வருகிற பந்தைப் பிடிக்கிற கேட்சர் அவன்தான். போன மாரியில் பனி உறைந்த றோட்டில் கார் சறுக்கி அவன் செத்துப்போனான்.

அடக்கம் முடிந்த அன்று அமலராணி அந்தோனியார் சுருவத்துக்கு முன் நின்று ஒரு நேர்த்தி வைத்தாள். பிள்ளைக்குச் சுகம் வேண்டி வைப்பார்கள், வேலை வேண்டி வைப்பார்கள். இவள் வைத்தது வேறு.

"என்ரை பிள்ளையின்ரை இடத்திலை வேறை ஒருத்தரும் குந்தக்கூடாது, அந்தோனியாரே. செவ்வாய்தோறும் மெழுகுதிரி கொளுத்துவன்."

துக்கத்தில் வாய் என்னதான் பேசாது! ஆனால் அவள் ஒரு செவ்வாயையும் தவறவிடவில்லை.

சித்திரையில் ஆட்டங்கள் தொடங்கின. புதிதாகக் குந்திய டெனிஷ்காரப் பொடியனுக்கு விரல் முறிந்தது. அடுத்தவனுக்கு முழங்கால் பிசகியது. மூன்றாவதாக வந்த டிலுக்சன் தோள்மூட்டு விலகி, கையைக் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தான். கிண்ணம் எங்களுக்குத்தான் என்று வைகாசியில் மார்தட்டிய சனம், ஆடியில் ஆளுக்கொரு சாட்டுச் சொல்லி நின்றுவிட்டது.

"கண்ணூறு பட்ட ரீம், அக்கா," என்றாள் பக்கத்து வீட்டு விக்ரோரியா. "இனி ஆரை இருத்தினாலும் எலும்புதான் முறியும்."

அது யார் செய்த வேலையென்று அமலராணிக்கல்லவா தெரியும்!

அந்தக் கிழமைதான் இளையவன் றொனிஷன், ஞாயிற்றுக்கிழமை தானே கேட்சர் என்று டெனிஷில் சொன்னான்.

"வேண்டாமப்பு."

வேறு ஆளில்லை, தான் குந்தாவிட்டால் ரீம் விளையாடவே முடியாது என்று சொல்லிவிட்டுச் சப்பாத்தைத் துடைக்கத் தொடங்கினான்.

நேர்த்தியைத் திருப்பி வாங்குவதென்று அமலராணி முடிவெடுத்தாள். சுருவத்துக்கு முன் முழந்தாளிட்டாள். வேறு ஒருவன் குந்தட்டும் என்று மனதாரச் சொன்னால் போதும். சொல்ல வாயெடுத்தாள். மூத்தவனின் முகம் வந்து நின்றது. கடைசிவரை அவளால் சொல்ல முடியவில்லை. தன்மீதே அவளுக்கு வெறுப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் ஆளில்லாமல் ஈயோட்டியது. தமிழ் முகமென்று பார்த்தால் அவளும் விக்ரோரியாவும்தான். றொனிஷன் முகமூடியை மாட்டினான். குந்துமுன் கையுறையைத் தொடையில் தட்டினான். அது மூத்தவனின் பழக்கம். இளையவன் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை. அந்தக் குந்தலும் அந்த முதுகும் அப்படியே மூத்தவன்தான். முகமூடிக்குள் இருப்பது எந்தப் பிள்ளையென்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

எதிரே நின்றவன் பந்தை எறியக் கையை ஓங்கினான்.

"டெனிஸ்ரன்!" அவள் எழுந்து நின்று கத்திவிட்டாள்.

முகமூடி சட்டென்று அவள் பக்கம் திரும்பியது. பந்து வந்து காறை எலும்பில் அடித்தது.

அவள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். யாரோ முகமூடியைக் கழற்றினார்கள். உள்ளே இருந்தது றொனிஷன்தான். வலியில் உதடு வெளுத்திருந்தது. அவனுடைய கண்கள் அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, வெறிச்சோடிக் கிடந்த பார்வையாளர் வாங்குகளில் யாரையோ தேடிக்கொண்டிருந்தன.

"அம்மா," என்றான், தமிழிலேயே. "நீங்கள் கூப்பிட, அண்ணா வந்திட்டாரெண்டு நினைச்சன்."