லெம்பி போட்ட சிவப்பு விளக்கு

ஸ்ப்ரூஸ் பே ஊருக்குப் பணம் கொடுத்து ஆள் பிடித்த பனித்தரை ஹாக்கி அணி ஒன்று இருந்தது என்று இன்றைக்குச் சொன்னால், கேட்கிறவன் நம்மை ஏற இறங்கப் பார்ப்பான். இருந்ததய்யா! 1974 அக்டோபரில் பிறந்தது. பெயர் மூஸ். அடுத்த மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊர் மொத்தமும் அரங்கத்துக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றபோது, அதன் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது.

ஆட்டம் தொடங்கும் முன்பே அணியின் முதலாளி கில்பிரைடு ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார். "இன்னைக்குத் தோக்காம இருந்தா போதும். சமம்னாலும் சரி, அடுத்த சுற்றுக்குப் போயிடுவோம், அடுத்த வருஷமும் அணி இருக்கும். தோத்தோம்னா நாளைக்குக் காலையில சட்டையெல்லாம் மூட்டை கட்டிடுவேன். வேற வழியில்ல." மரக்கடைக்காரர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் லெம்பி ஹார்யுவும் ஒருத்தி. மற்றவர்களுக்கு அணி போனால் ஞாயிற்றுக்கிழமை போகும். அவளுக்குப் புருஷனே போவான். மூஸின் கோல் கீப்பர் டைஸ்டோ அவள் கணவன். பதினாலு வருடம் ஊர் ஊராகப் பேருந்தில் அலைந்து ஆடியவன், வருடத்தில் பாதி நாள் அவளுக்கு வெறும் தொலைபேசிக் குரல். மூஸ் வந்த பிறகுதான் வீட்டில் தூங்கினான், சனிக்கிழமை தோறும் அவளோடு சவுனா நீராவி அறையில் உட்கார்ந்து வியர்த்தான். இப்போது தூரத்து ஆல்பர்ட்டாவிலிருந்து ஓர் அணி கூப்பிட்டிருக்கிறது. மூஸ் செத்தால் அவன் பேருந்து ஏறுவான். அவனுக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோல் விழுந்ததா இல்லையா என்று பார்க்கிறவளே லெம்பிதான். கோலுக்குப் பின்னால், கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கூண்டு. அதில் ஒரு பொத்தான். வட்டு கோட்டைத் தாண்டினால் அழுத்த வேண்டும், மேலே சிவப்பு விளக்கு எரியும். பழைய ஆள் காலை உடைத்துக்கொண்டபோது, காகித ஆலையில் நாளெல்லாம் தாளைப் புரட்டி ஊசிமுனை அளவு அழுக்குப் புள்ளியையும் கண்டுபிடிக்கிறவளை விட்டால் வேறு யார் என்று அவளை உட்கார வைத்தார்கள். வெளியூர்க்காரர்கள் விடுவார்களா? "கீப்பர் பொண்டாட்டியா நீதிபதி? நல்லா இருக்குடா நியாயம்!" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் கத்துவார்கள்.

அன்று எதிரி காப்பர்ஹில். அடியும் இடியும்! இரண்டு பகுதி முடிந்தபோது ஒருவனுக்குப் பல் இல்லை, இன்னொருவனுக்குப் புருவத்தில் ஏழு தையல். கடைசியான மூன்றாம் பகுதியில் முனை மாறி, டைஸ்டோ லெம்பியின் மூக்குக்கு முன்னால் வந்து நின்றான். மூன்றுக்கு மூன்று. அவன் விழுந்தான், எழுந்தான், காலை அகட்டினான், வட்டை நெஞ்சால் அமுக்கினான். கூரைத் தகரம் அதிர்ந்தது.

கூண்டுக்குப் பக்கத்து இருக்கையில் கிளாதெத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். லெம்பியோடு அதே மேசையில் தாள் பார்க்கிறவள். "அடியே, உன் ஆளு இன்னைக்கு மனுஷனா செவரா? வீட்டுக்குப் போனதும் ஒரு முத்தம் என் கணக்குல குடுடீ!"

"வாயை மூடு. நான் பாக்கணும்."

"ஒண்ணே கால் நிமிஷம்தான் இருக்கு! தாங்கிடுவான்!"

அப்போதுதான் காப்பர்ஹில்லின் ஒன்பதாம் எண்காரன், அந்த நெட்டைப் பயல், கோலுக்குத் தள்ளி, நீலக்கோட்டருகில் நின்று மட்டையை ஓங்கினான். நாலு கால், ஆறு கால், யார் யாரோ குறுக்கே. டங்! வட்டு திரும்பிப் பறந்து ஓரத்துக்குப் போனது. அரங்கமே எழுந்து ஓவென்று கத்தியது. கம்பத்தில் பட்டுவிட்டது! தப்பித்தோம்! நடுவர் கையை அசைத்து ஆட்டத்தைத் தொடரச் சொன்னார்.

லெம்பி மட்டும் பார்த்துவிட்டாள். கோல் கம்பம் இல்லை. டைஸ்டோவின் இடது தோளுக்கு மேலே உள்ளே போய், வலைக்குள் நட்டநடுவில் நிற்கும் இரும்புக் கம்பியில் பட்டு வந்த வேகத்தில் வெளியே தெறித்திருந்தது. தாளில் புள்ளி தெரிகிற மாதிரி தெரிந்தது. வேறு ஒரு ஈ காக்கைக்கும் தெரியவில்லை. சும்மா இருந்தால் போதும். கையை மடியில் வைத்துக்கொண்டு எழுபது வினாடி உட்கார்ந்திருந்தால், புருஷன் வீட்டில் இருப்பான்.

பாழாய்ப்போன கட்டைவிரல்! அழுத்திவிட்டது.

சிவப்பு விளக்கு எரிந்தது. விசில். பிறகு வந்தது பாருங்கள் சத்தம்! காபிக் கோப்பை, கையுறை, ஒற்றைக் காலணி எல்லாம் பனித்தரையில் விழுந்தன. நடுவர் சறுக்கி வந்து கம்பி வலையருகில் நின்றார். பாவம், அவரும் மனுஷன்தானே.

"ஏம்மா, கை தவறிப் பட்டுடுச்சா?"

"ஆமான்னு சொல்லுடீ!" கிளாதெத் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "உன் காலைப் பிடிக்கிறேன், ஆமான்னு சொல்லு!"

டைஸ்டோவும் முகமூடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "வெளிக்கம்பம், லெம்பி! சத்தம் கேட்டுச்சே! நான் பார்த்தேன், உள்ள வரவே இல்ல!"

"கை தவறல," என்றாள் லெம்பி. "உள்ள வந்துச்சு. உன் இடது தோளுக்கு மேல. நடுக்கம்பியில பட்டுத் திரும்புச்சு."

"இடது தோளுக்கு மேலயா?"

"ஆமா."

அவன் தன் இடது தோளைத் திரும்பிப் பார்த்தான். முகம் வெளுத்துப் போயிற்று. நடுவர் கோல்தான் என்று மையத்தைக் காட்டினார். நாலுக்கு மூன்று.

கடைசி நிமிடத்தைச் சொல்லவா? கீப்பரே வேண்டாம் என்று டைஸ்டோவை வெளியே இழுத்து, கோல் அடிக்க ஆறாவது ஆளை இறக்கினார்கள். ஆறு பேரும் வெறி பிடித்தவர்களாக காப்பர்ஹில்லின் கோலை முற்றுகையிட்டார்கள். ஒரு அடி கீப்பரின் காலில், ஒரு அடி அவன் முதுகில், மூன்றாவது மேல்கம்பியில்! ஜனம் இருக்கை மேல் ஏறி நின்று அலறியது. லெம்பியும் கூண்டுக்குள் எழுந்து நின்று, போடு, போடு என்று வாய்க்குள் கெஞ்சினாள். சங்கு ஊதிவிட்டது. மூஸ் செத்தது.

யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கிளாதெத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்வரிசையில் ஒருவன், "புருஷனையே வித்துட்டா!" என்றான். டைஸ்டோ கூண்டை நோக்கி வருவதைக் கண்டதும் சத்தம் அடங்கியது. சரி, இன்றைக்கு இருக்கிறது கச்சேரி என்று எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள்.

அவன் வலையில் விரலைக் கோர்த்துக்கொண்டு நின்றான். லெம்பிதான் முந்திக்கொண்டாள்.

"ஆல்பர்ட்டாவுக்கு எப்ப பஸ்ஸு?"

"எந்த பஸ்ஸு?" என்றான். "தடுத்துட்டேன்னு என் அம்மா மேல சத்தியம் பண்ணியிருப்பேன், லெம்பி. என் தோளுக்கு மேல போயிருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. பின்னாடி வட்டு போறதே தெரியாதவன் கோல்ல நின்னு என்ன கிழிக்கப் போறான்?"

"டைஸ்டோ..."

"நீ விளக்கைப் போடலேன்னா, இன்னும் சூரப்புலின்னு நெனச்சுக்கிட்டு மூஞ்சி உடையற வரைக்கும் ஆடியிருப்பேன். ஆடினது போதும். ஆலையில மூட்டை தூக்க ஆள் கேக்கறாங்கல்ல?"

"கேக்கறாங்க," என்றாள்.

"அப்ப வாசல் பக்கமா சுத்தி வா. இந்தக் கால் கவசத்தை அவுத்து விடு, எனக்குக் குனிய முடியல."

அவள் ஓடினாள். ஜனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடிப் போய், பனித்தரையில் மண்டியிட்டு, ஈர வாரைப் பிடித்து இழுத்தாள். இழுத்த அவசரத்தில் முடிச்சு இன்னும் இறுகியது.

"மெதுவாடீ," என்றான் டைஸ்டோ. "நான் எங்கயும் போகல."