ஜவுபர் கோத்த எழுத்து

ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளம் கல்முனையை விட்டு வடிந்தபோது, மக்கீன் முதலாளியின் அச்சகத்தில் ஈய எழுத்துப் பெட்டிகள் அத்தனையும் சேற்றுக்குள் கவிழ்ந்து கிடந்தன. உயரமான மேசையில் நூலால் கட்டி வைத்த ஒரேயொரு எழுத்துப் பக்கம்தான் தப்பியிருந்தது. சாய்ந்தமருது ஜவுபர் தன் தங்கை றுகையாவின் நிக்காஹ் அழைப்புக்காகக் கோத்த பக்கம் அது.

ஜவுபர் இப்போது இல்லை. வயலுக்குள் அகப்பட்டவர்களை ஏற்றிவரத் தோணியில் போனவன், இரண்டாம் தடவை திரும்பவில்லை. மையித்துக் கிடைத்து அடக்கமும் முடிந்துவிட்டது. பக்கத்துப் பலகையில் நின்று அவனோடு எழுத்துக் கோத்த பாண்டிருப்புக் கனகரெத்தினம், அந்த மேசைப் பக்கம் போகாமலே சேறு அள்ளிக்கொண்டிருந்தான்.

அன்று காலை சுகாதாரப் பகுதியிலிருந்து ஆள் வந்தது. முகாம்களில் வயிற்றோட்டம் தொடங்கிவிட்டதாம். தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொல்லி உடனே நோட்டீஸ் அடிக்க வேண்டும்.

"கழுவி எடுத்த எழுத்து நோட்டீசுக்குக் காணாது. அந்தப் பக்கத்தைக் கலைங்க, கனகரெத்தினம்" என்றார் மக்கீன்.

"கேக்காமக் கலைக்க எனக்கு ஏலா, முதலாளி. ஒருக்காப் போய்க் கேட்டுட்டு வாறன்."

ஜவுபரின் மனைவி மைமூனா, கணவனை இழந்தவள் அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தாவில் இருந்தாள். கனகரெத்தினம் வாசலிலேயே நின்று, கதவுக்குப் பின்னால் இருந்தவளிடம் விஷயத்தைச் சொன்னான்.

"அவர்ட பேரும் அதில கிடக்கா, அண்ணன்?"

"ஓம் தங்கச்சி. வாப்பா இல்லாத வீடுதானே. அழைக்கிற ஆள் எண்டு அவன்ட பேரைத்தான் கடைசியாக் கோத்தான்."

அழுகை கேட்டது. அழுதது றுகையாவா மைமூனாவா என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு மைமூனாதான் கதைத்தாள்.

"சனத்தைக் காப்பாத்தத்தானே அவரு போன. அந்த எழுத்தும் அதுக்கே போகட்டும். கலைங்க."

திரும்பி வந்து பக்கத்தைச் சுற்றியிருந்த நூலை அவிழ்த்தான். ஜவுபர் வரிகளை இறுக்கமாகக் கோப்பவன். ஒவ்வோர் எழுத்தையும் ஊசியால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருந்தது. 'குடும்பத்துடன்' என்ற சொல்லிலிருந்து வந்த 'கு', 'குடிக்கவும்' என்பதற்குப் போனது. தங்கையின் பெயரும் மணமகனின் பெயரும் கலைந்தன. கடைசியில் ஜவுபரின் பெயரில் கை வைத்தபோது கனகரெத்தினத்துக்குக் கண் மறைத்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு வேலையை முடித்தான். மத்தியானத்துக்குள் நோட்டீஸ் காய்ந்துவிட்டது.

ஒட்டுவதற்கும் அவனே போனான். பள்ளிக்கூட முகாமில் சனம் சுற்றி நின்றது. வாசிக்கத் தெரியாதவர்களுக்காகப் பலத்து வாசித்துக் காட்டினான். காரைதீவிலிருந்து குடும்பத்தோடு வந்து தங்கியிருந்த வேலப்போடி, கிடந்த விறகைப் பொறுக்கிக் கல் கூட்டி, கிடாரத்தை அடுப்பில் ஏற்றினார். பெண்கள் குடங்களோடு வந்தார்கள்.

நெருப்பு மூண்ட பிறகு வேலப்போடி சுவரைத் திரும்பிப் பார்த்தார்.

"எழுத்து நல்ல வடிவா விளங்குது. ஆரு தம்பி இதை அடிச்ச?"

"நானும் ஜவுபரும்" என்றான் கனகரெத்தினம். மிஞ்சியிருந்த நோட்டீஸ்களை எடுத்துக்கொண்டு அடுத்த முகாமுக்கு நடந்தான்.